வெள்ளெழுத்து வந்த கண்ணும் கடுகளவு கருவிழியும்: சின்ன பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர்கள் லென்ஸ் வாங்கும் வழி

போன வருஷம் ஆவணிக் கடைசியில் நான்கு அங்குல ஆண்டாள் பொம்மை ஒன்றுக்கு மறுவண்ணம் தீட்டி முடித்தேன். அம்மா காலத்து மண் பொம்மை. மூக்கு நுனி உடைந்து எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தது. புடவைக் கரை, கொண்டை, கையில் கிளி எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. கடைசியாகக் கண் எழுதினேன். வாங்கிப் போக வந்த அண்ணன் மகள் பொம்மையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தை, ஆண்டாள் கிளியையும் பாக்குது, வாசலையும் பாக்குது" என்றாள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். வலது கருவிழி நடுவில், இடது கருவிழி காதோரம். எனக்கு அதுவரை இரண்டும் நேராகத்தான் தெரிந்தன. அப்போது எனக்கு 56 வயது.

அதற்கப்புறம் நான்கு மாதத்தில் ஏறக்குறைய 4,000 ரூபாய் போனது. எங்கள் ஊர் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் ஒன்று, ஆன்லைனில் இரண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாட்பாரத்தில் ஒன்று என்று லென்ஸாக வாங்கிக் குவித்தேன். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் இன்றும் மேசை மேல் இருக்கிறது. கொலு பொம்மையோ, விரல் உயர மாடல் சிப்பாயோ, தஞ்சாவூர்ப் படத்தில் குட்டிக் கண்ணன் முகமோ, நாற்பதைத் தாண்டிய கண்ணோடு நுணுக்க வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் சிக்கல் ஒன்றுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். நான் கடைசிப் படியில் தொடங்கி முதல் படிக்கு வந்தவள், அதனால்தான் அவ்வளவு செலவு.

1. லென்ஸ் கடைக்கு முன்னால் கண் டாக்டர்

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப் போகிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அது வளைந்து கொடுப்பதில்லை. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாளேசரம் என்பார்கள். இதற்குப் பெரிதாக்கும் லென்ஸ் உதவும். கண்புரை இருந்தாலோ, கண்ணில் நீரழுத்தம் இருந்தாலோ, சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தாலோ லென்ஸ் மட்டும் போதாது. மங்கலாகத் தெரிவதைப் பெரிதாக்கினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும்.

டாக்டரிடம் போகும்போது கையில் இவை இருக்கட்டும்:

– இப்போது போடும் கண்ணாடி, பழைய கண்ணாடி, பழைய பவர் சீட்டு.
– சர்க்கரை இருந்தால் சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவு. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டை.
– கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் அப்போது கொடுத்த அட்டை. உள்ளே வைத்த லென்ஸின் விவரம் அதில் இருக்கும்.
– நீங்கள் தீட்டும் பொம்மை ஒன்று, பிரஷ் ஒன்று. வெட்கப்பட வேண்டாம். நான் ஒரு குட்டி வாமனரைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு போனேன். பவர் பார்த்த பெண் அதைக் கையில் வாங்கியதும்தான் நான் என்ன கேட்கிறேன் என்பதே அவருக்குப் புரிந்தது.

சர்க்கரைக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் கூடவே மாறும். சர்க்கரை 300-இல் இருக்கும் வாரத்தில் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டால், அது 150-க்கு இறங்கியதும் அந்தக் கண்ணாடி ஒத்துவராது. சில வாரங்கள் சர்க்கரை ஒரு நிலையில் இருந்த பிறகு பவர் பாருங்கள்.

விழித்திரையைப் பார்க்கக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். விட்டால் கண்ணின் பாப்பா (கண்மணி) விரிந்து பல மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்தில் எதுவும் தெரியாது. எனவே பவர் பார்ப்பதை முதலில் முடித்துவிட்டு மருந்து விடச் சொல்லுங்கள். ஸ்கூட்டரில் தனியாகப் போகாதீர்கள். நான் போனேன். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் எல்லா வண்டியும் எனக்கு வெள்ளை வண்டியாகத் தெரிந்தது. அண்ணனுக்குப் போன் செய்துவிட்டு ஒரு பேக்கரியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செலவு: தனியாரில் எனக்கு டாக்டர் கட்டணம் 300 ரூபாய் ஆனது. செலவழிக்க வேண்டாம் என்றால் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும், அரை நாள் ஆகும் என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஆதார் கையில் இருக்கட்டும்.

நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கருப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ லென்ஸ் பேச்சையே விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

2. சீட்டில் கேட்டு வாங்க வேண்டிய இரண்டு எண்கள்

பவர் சீட்டை மடித்துப் பையில் வைக்கும் முன் இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்று, கிட்டத்துப் பார்வைக்கான கூடுதல் பவர். சீட்டில் 'ஆட்' என்று ஒரு கட்டம் இருக்கும். இதை வழக்கமாகப் புத்தகம் படிக்கும் தூரத்துக்கு, அதாவது சுமார் 40 செ.மீ.க்குப் பார்ப்பார்கள். பொம்மைக்குக் கண் எழுதும்போது யாரும் 40 செ.மீ.யில் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் தூரம் என்ன என்பதை முதல் நாளே வீட்டில் அளந்து வையுங்கள். வழக்கம்போல் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, பொம்மையைக் கைக்கு வசதியாகப் பிடியுங்கள். பொம்மை தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள், கழுத்தும் தோளும் வலிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் யாரையாவது டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து பொம்மைவரை அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 30 செ.மீ. வந்தது, ஒரு அடி.

இரண்டாவது, இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம். கண்ணாடிக் கடைக்காரர்கள் பி.டி. என்பார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60 மி.மீ.யை ஒட்டி இருக்கும். சீட்டில் இதை எழுதாமல் விடுவதே வழக்கம். கேட்டால் ஒரு நிமிடத்தில் அளந்து எழுதித் தருவார்கள். இது இல்லாமல் ஆன்லைனில் கண்ணாடி ஆர்டர் போட்டால் தலைவலியையும் சேர்த்து ஆர்டர் போட்டதாக அர்த்தம்.

3. லென்ஸுக்கு முன் விளக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போக எல்லாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. வயதானால் கண்ணின் பாப்பா சிறுத்துவிடுகிறது, உள்லென்ஸ் மஞ்சளாகிறது, கண்ணுக்குள் போகும் வெளிச்சமே குறைகிறது. இருபது வயதில் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பில் செய்த வேலையை இப்போது செய்ய முடியாததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கிய அன்று எனக்கு லென்ஸே வேண்டாமோ என்று தோன்றியது. வேண்டியிருந்தது, ஆனால் நினைத்ததைவிடக் குறைந்த பவரில் போதுமாக இருந்தது.

எல்.இ.டி. பல்பு வாங்கும்போது அட்டையில் இரண்டைப் பாருங்கள். முதலாவது, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 'கூல் டேலைட்' 6500 கே. அல்லது அதற்குச் சற்றுக் கீழே 5000 கே. இருக்கட்டும். 'வார்ம் ஒயிட்' என்று 2700, 3000 போட்டிருப்பது மஞ்சள் வெளிச்சம். அதில் வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்தது சி.ஆர்.ஐ. என்ற எண். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு. 90-க்கு மேல் என்று போட்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பல்பில் இந்த எண்ணையே போட மாட்டார்கள்.

வலதுகைக்காரர்கள் விளக்கை இடது பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் பிரஷ்ஷின் நிழல் சரியாகக் கண் எழுதும் இடத்தில் விழும். வளையும் கழுத்துள்ள மேசை விளக்கும் நல்ல பல்பும் எனக்கு 900 ரூபாய் ஆனது. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஏற்காட்டில் என் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கித் தீட்டினேன். பத்து மணிக்கு வெயில், பத்தேகாலுக்கு மூட்டம். காலையில் கலந்த தோல் நிறத்தை மாலையில் பார்த்தால் வேறு பொம்மைக்குக் கலந்தது மாதிரி இருந்தது.

ஒரு கண்ணில் மட்டும் புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கண்ணில் நீலமும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும், ஆகாத கண்ணில் பழுப்பேறித் தெரியும். நிறம் கலக்கும்போது ஆபரேஷன் ஆன கண்ணை நம்புங்கள்.

4. வேலைக்கென்று ஒரு தனிக் கண்ணாடி

பை-ஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடியோடு பொம்மை தீட்டுவது வீண் வேலை. கிட்டத்துப் பார்வை கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். அதன் வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கி, ஒரு மணி நேரத்தில் பிடரி கல்லாகிவிடும்.

அதனால் முழு லென்ஸும் ஒரே பவராக, உங்கள் தூரத்துக்கென்று ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கடையில் "படிக்கிற கண்ணாடி" என்று கேட்காதீர்கள். "30 செ.மீ. தூரத்தில் வேலை செய்ய ஒரே பவர் கண்ணாடி" என்று கேளுங்கள். எனக்குப் படிக்க கூடுதல் பவர் 2.25. இந்த வேலைக்கு 3.00 போட்டுக் கொடுத்தார்கள். கணக்கு எளிது. நூறை லென்ஸ் பவரால் வகுத்தால் எத்தனை செ.மீ. தூரத்தில் தெளிவாகத் தெரியும் என்று வந்துவிடும். 2 என்றால் 50 செ.மீ., 3 என்றால் 33, 4 என்றால் 25, 5 என்றால் 20. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், அடுத்த படியில் பணத்தைக் காப்பாற்றப் போவது இதுதான்.

சாதாரண பிரேமும் லென்ஸுமாக எனக்கு 1,100 ரூபாய். மூன்று நாளில் கிடைத்தது. பில்லையும் பவர் சீட்டின் நகலையும் வைத்திருங்கள். போட்டுப் பார்த்து இரண்டு நாளில் தலை சுற்றினால் அவற்றோடு திரும்பப் போய் பி.டி.யைச் சரிபார்க்கச் சொல்லலாம்.

பிளாட்பாரத்தில் 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர். உங்கள் இரண்டு கண்ணும் ஒரே பவர், சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) எதுவும் இல்லை என்றால் ஒப்பேற்றலாம். எனக்கு இடது கண்ணில் சிலிண்டர் உண்டு. அந்தக் கண்ணாடியோடு எழுதிய நரசிம்மருக்கு மீசை ஒரு பக்கம் ஏறிவிட்டது. நரசிம்மர் என்பதால் யாரும் கேட்கவில்லை.

பலருக்கு இந்தப் படியோடு வேலை முடிந்துவிடும். ஐந்தாறு அங்குலப் பொம்மை தீட்டுபவர் என்றால் இங்கேயே நின்று ஒரு மாதம் பழகிப் பாருங்கள். அதற்கும் சிறியது, அல்லது கண் இமை, நெற்றிச் சுட்டி வரை எழுத வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

5. தலையில் மாட்டும் லென்ஸ்: எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்

நான் முதலில் விழுந்த குழி இது. ஆன்லைனில் 3.5 எக்ஸ், அதாவது மூன்றரை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே 2 எக்ஸ். பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று 3.5 எக்ஸ் தகட்டை மாட்டி உட்கார்ந்தேன். முருகன் முகம் தட்டு அளவு தெரிந்தது, சந்தோஷம். ஆனால் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் பொம்மை என் மூக்குக்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருக்க வேண்டும். உதட்டுக்குச் சிவப்பைத் தொட்டு பிரஷ்ஷை உள்ளே கொண்டு வந்தேன். பிரஷ்ஷின் பின்முனை லென்ஸில் 'டொக்' என்று இடித்தது. முன்முனை முருகன் கன்னத்தில் காதுவரை ஒரு கோடு போட்டுவிட்டது.

எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். சலங்கைக்கு வளையம் பற்ற வைக்கும் வேலையை நாள் முழுக்கத் தலையில் லென்ஸோடு செய்பவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "எத்தன எக்ஸுன்னு எதுக்குங்கக்கா கேட்டீங்க? எத்தன இஞ்சுன்னுல்ல கேக்கோணும்" என்றார். நாலாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கிய எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

விஷயம் இதுதான். தலையில் மாட்டும் சாதாரண லென்ஸ் மந்திரம் எதுவும் செய்வதில்லை. பொருளை உங்கள் கண்ணுக்கு மிகக் கிட்டே கொண்டு வந்தாலும் தெளிவாகத் தெரியும்படி செய்கிறது, அவ்வளவே. 40 செ.மீ.யில் இருப்பதை 20 செ.மீ.க்குக் கொண்டு வந்தால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆகவே பெரிதாக்கம் கூடக் கூட தூரம் குறைந்தே தீரும். இதில் யாரும் ஏமாற்ற முடியாது. இந்த வகையில் நெடுநாளாகப் பெயர்பெற்ற ஆப்டிவைசர் தலைலென்ஸுக்கு அதன் நிறுவனம் தரும் அளவுகளைப் பாருங்கள்:

– 1.5 எக்ஸ்: 20 அங்குலம்
– 1.75 எக்ஸ்: 14 அங்குலம்
– 2 எக்ஸ்: 10 அங்குலம்
– 2.5 எக்ஸ்: 8 அங்குலம்
– 2.75 எக்ஸ்: 6 அங்குலம்
– 3.5 எக்ஸ்: 4 அங்குலம்

பிரஷ்ஷைப் பிடித்து, கை திருப்பி, பொம்மையையும் சுழற்ற எட்டு அங்குலமாவது வேண்டும். பத்து இருந்தால் நிம்மதி. அதாவது வண்ணம் தீட்டுபவருக்கு 2 எக்ஸ், மிஞ்சினால் 2.5 எக்ஸ். நான் 2 எக்ஸில் நின்றுவிட்டேன். மேலே போனால் இன்னொரு தொந்தரவும் வரும். மூக்கு தெளிவாக இருக்கும்போது காது மங்கலாகிவிடும், காதைப் பார்த்தால் மூக்கு போய்விடும். தலையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வேலை செய்ய வேண்டிவரும்.

அடுத்த குழி: லென்ஸுக்கு உள்ளே எந்தக் கண்ணாடியைப் போடுவது? மேலே சொன்ன தூரங்கள் எட்டப் பார்வைக் கண்ணாடி போட்டவருக்கும் கண்ணாடியே தேவைப்படாதவருக்கும்தான் பொருந்தும். படிக்கும் கண்ணாடிக்கு மேல் இதை மாட்டினால் இரண்டு பவரும் கூடிவிடும். 2 எக்ஸ் லென்ஸ் என்பது சுமார் 4 பவர், 25 செ.மீ. அதனுள் 2 பவர் படிக்கும் கண்ணாடி போட்டால் மொத்தம் 6. நூறை ஆறால் வகுத்தால் 17 செ.மீ. கடையில் மாட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்ததே, வீட்டில் ஏன் இவ்வளவு கிட்டே போக வேண்டியிருக்கிறது என்று நான் குழம்பியது இதனால்தான். கடையில் எட்டப் பார்வைக் கண்ணாடியோடு இருந்தேன், வீட்டில் வேலைக் கண்ணாடியோடு மாட்டினேன். இதையே உபாயமாகவும் வைத்துக்கொள்ளலாம். 1.75 எக்ஸ் லென்ஸும் வேலைக் கண்ணாடியும் சேர்ந்தால் தனி லென்ஸ் வாங்காமலே கொஞ்சம் கூடுதலாகப் பெரிதாகும்.

எதை வாங்குவது? ஐந்து தகடு மாற்றிப் போடும், நெற்றியில் எல்.இ.டி. உள்ள பிளாஸ்டிக் வகை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. 1, 1.5, 2, 2.5, 3.5 என்று தகடுகள் இருக்கும். எனக்கு 750 ரூபாய். பழகிப் பார்க்க இது போதும். குறை என்னவென்றால் தகடு அக்ரிலிக், சீக்கிரம் கீறல் விழும், ஓரங்களில் நேர்க்கோடு வளையும். நெற்றி விளக்கை நான் போடுவதே இல்லை. நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஈர வண்ணம் பளபளத்துக் கண்ணைக் கூசுகிறது, கன்னத்தின் மேடு பள்ளமும் தெரிவதில்லை. நிஜக் கண்ணாடி லென்ஸ் உள்ள வகைக்குப் பல மடங்கு விலை. தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்பவர்கள், ஆறு மாதம் மலிவு வகையில் பழகி எந்த தூரம் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு அதை வாங்குங்கள். முதலிலேயே வேண்டாம்.

வாங்கும்போது கனத்தைக் கையில் பார்க்காதீர்கள், தலையில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் நெற்றிப் பட்டை வேர்வையில் ஊறி வழுக்கும். நான் ஒரு பருத்திக் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறேன். ஃபேனைப் போட்டால் வேர்க்காது, ஆனால் மூன்று சைபர் (000 எண், மிக மெல்லியது) பிரஷ் நுனியில் அக்ரிலிக் வண்ணம் பொம்மைக்குப் போய்ச் சேரும் முன்னே காய்ந்துவிடும். ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதுதான் சமரசம்.

6. மற்ற வகைகள், சுருக்கமாக

கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடி: ஒரு கையில் பொம்மை, ஒரு கையில் பிரஷ், மூன்றாவது கை உங்களுக்கு இருந்தால் வாங்கலாம்.

வாட்ச் ரிப்பேர்காரர், நகைக்காரர் ஒரு கண்ணில் வைக்கும் லூப்: 10 எக்ஸ் லூப்பில் ஒரு அங்குல தூரத்தில்தான் தெரியும். முடித்த வேலையைச் சோதிக்கலாம், தீட்ட முடியாது. ஒரு கண்ணால் பார்க்கும்போது ஆழம் தெரியாது. பிரஷ் பொம்மையைத் தொட்டுவிட்டதா, இன்னும் மயிரிழை இருக்கிறதா என்று கைக்குத் தெரியாமல் போகும். எதை வாங்கினாலும் இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி வாங்குங்கள்.

மேசையில் கவ்வும் கையுள்ள லென்ஸ் விளக்கு: தலையில் பாரம் இல்லை, கழுத்து வலி உள்ளவர்களுக்கு நல்லது. இதில் பவரை டயாப்டர் என்று போடுவார்கள். 3 டயாப்டர் என்பதை 1.75 எக்ஸ் என்றும் 5 டயாப்டர் என்பதை 2.25 எக்ஸ் என்றும் விற்பார்கள். 3-ஐ எடுங்கள், லென்ஸ் ஐந்து அங்குல அகலமாவது இருக்கட்டும். கவ்வும் இடம் ஆடாத மேசையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு மடக்கு மேசையில் மாட்டியபோது மிக்ஸி ஓடும்போதெல்லாம் ஆண்டாள் நடனமாடினாள்.

பல் டாக்டர்கள் போடும் லூப் கண்ணாடி: 2.5 எக்ஸிலும் 34, 42 செ.மீ. தூரம் கிடைக்கும். இது ஒற்றை லென்ஸ் அல்ல, குட்டித் தொலைநோக்கி, அதனால்தான் தூரத்தை விட்டுக்கொடுக்காமல் பெரிதாக்குகிறது. மலிவு வகையே ஆயிரக்கணக்கில் வரும். பார்க்கும் வட்டமும் சிறியது. பொம்மை தீட்டிச் சம்பாதிப்பவர்கள் யோசிக்கலாம்.

செல்போன்: காசு செலவில்லாத சோதனைக் கருவி. கண் எழுதியதும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் அதே படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். மாறுகண் அப்போது பட்டென்று தெரியும். ஈரம் காய்வதற்குள் பார்த்தால் ஒரு நனைத்த பிரஷ்ஷாலேயே துடைத்துவிடலாம்.

7. வாங்கும் இடம், நேரம், திருப்பிக் கொடுப்பது

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் தலைலென்ஸும் லூப்பும் கிடைக்கும். அங்கே வாங்குவதில் லாபம் விலையில் இல்லை, மாட்டிப் பார்க்க விடுவார்கள் என்பதில்தான். பொம்மையும் பிரஷ்ஷும் கொண்டு போங்கள், டேப்பும். கடையில் பார்க்கும் பொருள் எப்போதும் விலைச்சீட்டு அல்லது விசிட்டிங் கார்டாகத்தான் இருக்கும். தட்டையான அட்டை எந்த லென்ஸிலும் அழகாகத் தெரியும். உருண்டையான முகத்தைப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) நடக்கும் நாள்களில் அந்தப் பக்கம் போகாதீர்கள். நிதானமாக மாட்டிப் பார்க்க முடியாது.

ஆன்லைனில் வாங்கினால், பார்சலைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். எனக்கு வந்த முதல் பெட்டியில் 2 எக்ஸ் தகடு இருந்த இடத்தில் இரண்டாவது 1.5 எக்ஸ் தகடு இருந்தது. வீடியோ இல்லாததால், ஐந்து தகடு வந்திருக்கிறதே என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், பணம் திரும்ப வருமா, வேறு பொருள்தான் தருவார்களா என்பதை வாங்குமுன் படியுங்கள். அந்த நாள்களுக்குள் குறைந்தது மூன்று முறை ஒரு மணி நேரம் மாட்டி வேலை செய்துவிடுங்கள். அலமாரியில் வைத்துவிட்டு நவராத்திரிக்கு எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

நவராத்திரிக்குள் தயாராக வேண்டும் என்றால் வைகாசி, ஆனியில் கண் பரிசோதனை, ஆனி முடிவுக்குள் விளக்கும் வேலைக் கண்ணாடியும், ஆடியில் தலைலென்ஸ். ஆவணியில் கை பழகியிருக்கும். எனக்கு இப்போது உதவுவதை மட்டும் கூட்டினால் டாக்டர் 300, விளக்கு 900, கண்ணாடி 1,100, தலைலென்ஸ் 750. மொத்தம் 3,050 ரூபாய்.

8. முதல் பதினைந்து நாள்

லென்ஸ் மாட்டிய முதல் நாளே நல்ல பொம்மையைத் தொடாதீர்கள். கை அசைவும் பெரிதாகித் தெரியும், நடுக்கம் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கும். அது எப்போதும் இருந்ததுதான், இப்போதுதான் தெரிகிறது. உடைந்த பொம்மை, அகல் விளக்கின் முதுகு என்று எதிலாவது கண்ணாக எழுதிப் பழகுங்கள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி மேசை விளிம்பில் ஊன்றுங்கள், பொம்மையும் பிரஷ்ஷும் ஒன்றாக ஆடும், கோடு நேராக வரும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை லென்ஸைத் தூக்கிவிட்டு இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பாருங்கள். எனக்கு எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி. நுணுக்கமாகப் பார்க்கும்போது கண் சிமிட்டவே மறந்துவிடுகிறோம், எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான். லென்ஸோடு எழுந்து நடக்காதீர்கள், வாசல்படி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

தகட்டைப் புடவைத் தலைப்பால் துடைக்க வேண்டாம். தண்ணீரில் தூசியைக் கழுவிவிட்டு மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். தின்னர், ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் வெளுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. மேசையில் கவ்வும் லென்ஸ் விளக்கை ஜன்னலோரம் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கருகல் வாடை. மேசைக்கு விரித்திருந்த செய்தித்தாளில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, ஓரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே தின்னர் பாட்டில். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தவர்கள்தானே நாம், ஆனாலும் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. மூடியுள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள். மூடி இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு மூடிவிட்டு எழுந்திருங்கள்.